காய்ச்சலில் சாகாத பெண்

மார்லோ ஃபெரி என்ற ஊரில் குளிர் இறங்குவதற்கு முன்னால் கறுப்பர் வீடுகளிலெல்லாம் ஒரே வேலைதான் நடக்கும். பலகைச் சுவர் இடுக்குகளில் காற்று நுழையாதபடி, கிடைத்த பழைய தாள்களை எல்லாம் மாவுப் பசை தடவி ஒட்டுவார்கள். 1886 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மஹாலா டாலிவர் அந்த வேலையில்தான் இருந்தாள். அவள் வக்கீல் பிரெவார்ட் வீட்டுச் சமையல்காரி. அன்றைக்கு வக்கீல் குடும்பம் வெளியூர் விருந்துக்குப் போயிருந்ததால் அரை நாள் ஓய்வு. அவர்கள் வீட்டில் கழித்துப் போட்ட பத்திரிகைகளையே ஒரு கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

மஹாலாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. செங்கல் சூளையில் வேலை பார்த்த புருஷன் நெட் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. தனியாக இருக்க வேண்டாமென்று கறுப்பர் பள்ளிக்கூடத்து டீச்சர் லெனோரா பிட்ஸைத் தன் வீட்டில் தங்க வைத்திருந்தாள். அட்லாண்டாவில் படித்த பெண், இருபத்திரண்டு வயது. வந்த முதல் நாளே அவள் "மிசஸ் டாலிவர்" என்று கூப்பிட்டாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று மஹாலா திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக்காரர்களுக்கு அவள் "மஹாலா அத்தை". ஒரு கறுப்புப் பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் அந்த ஊர் வெள்ளையர் வாயில் "மிசஸ்" வராது.

"டீச்சர், அந்தத் தாளைக் குடுங்க. படம் வெளியே தெரியுற மாதிரி ஒட்டுறேன். தூக்கம் வராட்டி பாத்துக்கிட்டுக் கிடக்கலாம்" என்றாள் மஹாலா.

"இருங்க. இதுல ஒரு கதை இருக்கு. எழுதினது இ. எல். பிரெவார்ட்டாம்."

"அது நம்ம ஜீனிம்மா! சொந்தப் பேரைப் போட புருஷன் வக்கீல் விடமாட்டாரு. பொம்பளை பேரு அச்சுல வந்தா ஊரு சிரிக்குமாம். படிங்க, படிங்க. நம்ம சமையல்கட்டுல உக்காந்து கேட்டுக் கேட்டுத்தான எழுதினாங்க."

கதையின் பெயர் 'ஹேலி அத்தையின் துயரம்'. லெனோரா நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். கதையில் ஹேலி என்ற கறுப்புத் தாதி வந்தாள். "அய்யோ எங்க தங்க எசமானி, ஒங்க காலு தூசிங்க நானு" என்று வரிக்கு வரி குழைந்தாள்.

மஹாலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "யாரு டீச்சர் இந்தக் கூத்துக்காரி? நான் எப்பவாச்சும் இப்படிக் கொழகொழன்னு பேசியிருக்கேனா?"

"நீங்க பேசினா சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரில்ல இருக்கும்."

"அப்படிச் சொல்லுங்க. மேல படிங்க."

லெனோரா மேலே படித்தாள். ஹேலிக்கு ஒரு பெண் குழந்தை. ஆறு வயதில் அதற்குக் காய்ச்சல் வந்தது. எசமானி தன் கையாலேயே மருந்து கொடுத்தாள், கூடவே கண்விழித்தாள். குழந்தை இறந்தது. ஹேலி அழுதுவிட்டு, எசமானியின் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்கு இந்த வெள்ளைப் பூ போதுங்க" என்றாள். பிறகு விடுதலை வந்தபோது, "எனக்கெதுக்குங்க அது?" என்று கேட்டு, எசமானியின் கல்லறைக்குப் பூப்போட அங்கேயே தங்கிவிட்டாள்.

லெனோரா நிமிர்ந்து பார்த்தபோது மஹாலா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த பசை மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது.

"எம் பொண்ணு சாகல, டீச்சர்" என்றாள். "வித்தாங்க."

பிறகு கையைத் துடைத்துவிட்டு மற்ற தாள்களை ஒட்டினாள். அந்தத் தாளை மட்டும் சுவரில் ஒட்ட விடவில்லை.

அவள் பெண்ணின் பெயர் லூவீசா. மஹாலா அடிமையாக இருந்த லாத்ரப் பண்ணையில் பிறந்தவள். தகப்பன் யாரென்று மஹாலா யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. லாத்ரப் எசமானுக்குப் பண்ணையில் எந்தக் கதவிலும் பூட்டு இல்லை. மஹாலாவுக்கு அப்போது பதினெட்டு வயது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்குச் சட்டமும் கிடையாது, சொந்தமும் கிடையாது. அடுத்த வருடம் எசமானிக்கு யூஜீனியா, இப்போதைய ஜீனிம்மா, பிறந்தாள். அந்தக் குழந்தைக்கும் மஹாலாதான் பால் கொடுத்தாள். இரண்டும் ஒரே முற்றத்தில் தவழ்ந்தன, ஒரே தட்டில் சோள ரொட்டியைப் பிய்த்தன. வளர வளர முகமும் ஒன்றாகிக்கொண்டே வந்தது. அதே சாம்பல் நிறக் கண், சிரித்தால் இடது கன்னத்தில் அதே குழி. ஒருநாள் வந்திருந்த விருந்தாளி ஒருத்தி, முகத்தைப் பார்த்தே லூவீசாவை "யூஜீனியா" என்று கூப்பிட்டுவிட்டாள். அந்த வாரமே எசமானி லூவீசாவை விற்றுவிட்டாள். கேட்டதற்கு "மேற்கே" என்ற ஒரே சொல்தான் பதில்.

விடுதலை அறிவித்த மறுநாள் காலையில் மஹாலா ஒரு மூட்டையோடு பண்ணையை விட்டு இறங்கினாள். மேக்கன், சவானா என்று இரண்டு வருடம் நடந்தாள். கறுப்பர் கூடும் இடத்திலெல்லாம் "லூவீசான்னு ஒரு பொண்ணு, சாம்பக் கண்ணு" என்று விசாரித்தாள். தேவாலயச் சபைகளில் அவள் பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. செருப்பும் தேய்ந்து உடம்பும் தேய்ந்த பிறகு, ஊர்ப்பக்கமே இருந்தால் என்றைக்காவது அவள் தேடி வரக்கூடும் என்று மார்லோ ஃபெரிக்குத் திரும்பினாள்.

கல்யாணமாகி அதே ஊருக்கு வந்த யூஜீனியா வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தது வேறு வேலை கிடைக்காததால்தான். ஆனால் தன் பாலைக் குடித்து வளர்ந்தவள் என்ற ஒட்டுதலும் இருந்தது. அதை மஹாலா மறைக்கவில்லை. போன குளிர்காலத்தில் யூஜீனியா சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, "பழைய கதையெல்லாம் சொல்லேன் அத்தை" என்று கேட்டபோது, கூடையில் பட்டாணியை உரித்துக்கொண்டே லூவீசாவை விற்றதைச் சொன்னவளும் அவள்தான். தகப்பன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் மஹாலா வழக்கம்போல் வேலைக்குப் போனாள். காப்பி போட்டாள், ரொட்டி சுட்டாள், வக்கீல் சாப்பிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பும்வரை காத்திருந்தாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துச் சமையலறை மேசைமேல் வைத்தாள்.

யூஜீனியா பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "அட, உனக்கு யார் படிச்சுக் காட்டினா? பிடிச்சிருந்துதா? நியூயார்க்ல எல்லாரும் அழுதாங்களாம்."

"நல்லா அழட்டும்மா. எம் பொண்ணை எதுக்குக் கொன்னீங்க?"

"அது கதை, அத்தை. நிஜத்தை அப்படியே எழுத முடியுமா? வித்துட்டாங்கன்னு எழுதினா பத்திரிகைக்காரங்க போடமாட்டாங்க. யாருக்கும் சங்கடம் வராத மாதிரிதான் கேக்குறாங்க. இவரும் அதுக்குத்தான் சம்மதிச்சாரு. எனக்கும் ஆயிரம் கட்டுப்பாடு இருக்கு, உனக்குப் புரியாது."

"எல்லாம் புரியுது. ஒங்க கைய அவரு கட்டியிருக்காரு. அதுக்காக எம் பொண்ணு சாவணுமா?"

யூஜீனியா தாளை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இருபத்தெட்டு வருஷமா ஒவ்வொரு நாளும் அவளுக்கு வயசு ஏத்திக்கிட்டு வர்றேன். இன்னிக்கு முப்பத்துநாலு. நீங்க ஒத்தை வரியில ஆறு வயசுல புதைச்சிட்டீங்க. போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மேற்கேன்னா எங்க? ஒங்க அம்மா கடுதாசியெல்லாம் அந்தப் பெட்டியிலதான இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? அம்மா தங்கமானவங்க. ஏதோ காரணம் இல்லாம விக்கமாட்டாங்க. நீ வேலையைப் பாரு."

மஹாலா அவள் முகத்தையே பார்த்தாள். அந்தச் சாம்பல் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கண்ணாடியில போய்ப் பாரு ஜீனி. காரணம் தெரியும்."

ஜீனிம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை. வெறும் ஜீனி, வெறும் நீ. பால் கொடுத்த காலத்தில் அப்படிக் கூப்பிட்டதோடு சரி. யூஜீனியாவின் உதட்டில் நிறம் போய்விட்டது. மஹாலா ஏப்ரனை அவிழ்த்து மடித்து நாற்காலிமேல் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனாள். அடுப்பில் பன்றித்தொடை பாதி வெந்திருந்தது.

இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் நின்ற சமையல்காரியை வேறு வெள்ளைக்காரர் யாரும் சேர்க்கவில்லை. மஹாலா, பக்கத்து வீட்டு வெளுப்புக்காரி சில்வி ஓக்ஸோடு சேர்ந்து கொல்லையில் கொப்பரை வைத்துத் துணி வெளுக்க ஆரம்பித்தாள்.

"மகாராணி, அந்தப் போர்வையை இப்படித் தடவிக் குடுத்தா அழுக்குப் போவாது. அடிக்கணும்" என்பாள் சில்வி. "வக்கீல் மூஞ்சியை நினைச்சுக்க, கை தானா ஓங்கும்."

"நினைச்சேன்னா துணி கிழிஞ்சிரும்டி."

அடுத்த வாரம் போதகர் மேபின் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தவர். சபைக் கட்டடம் நிற்கும் மனையின் பத்திரம் வக்கீல் பிரெவார்ட் கையில் இருந்தது. வக்கீல் அதை அவருக்கு நினைவூட்டியும் இருந்தார். போதகர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"டாலிவர் அம்மா, போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க. பழசையெல்லாம் கிளறினா யாருக்கு நல்லது? அதுலயும் இது பொம்பளைங்க விஷயம். மானக்கேடு. இதெல்லாம் வெளியில பேசாம இருக்கிறதுதான் மரியாதை."

"யாரு மானம் கெட்டுச்சு, போதகரே?"

"அது... பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்லாதீங்க. எனக்குப் பதினெட்டு வயசு, அந்த ஆளுக்கு நாப்பது. தப்பு செஞ்சது அவரு. வெக்கப்பட்டது மட்டும் நானு. முப்பது வருஷம் அந்த ஆளுக்காக நான் வெக்கப்பட்டது போதும்."

கொப்பரைப் பக்கத்தில் நின்ற சில்வி, "காப்பி குடிச்சிட்டுப் போங்க போதகரே, ஆறிப்போவுது" என்றாள். அவர் குடிக்காமலே போய்விட்டார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் பிறகு சாட்சி சொல்லும் நேரத்தில் மஹாலா எழுந்தாள். வழக்கமாக ஆண்கள்தான் எழுவார்கள். போதகர் வேண்டாம் என்பதுபோலக் கையைத் தூக்கினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"எம் பொண்ணு பேரு லூவீசா. லாத்ரப் எசமானுக்குப் பொறந்தவ. ஆறு வயசுல வித்தாங்க. செத்துட்டான்னு ஒரு பத்திரிகையில போட்டிருக்காங்க. அது பொய்யி. அவ இருக்கான்னு நான் சொல்றேன். அவ்வளவுதான்."

அவள் உட்கார்ந்தாள். பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. சில்வி எழுந்து நின்றாள். எப்போதும் கேலி பேசும் அந்த வாய் கோணிக்கொண்டது.

"எம் பொண்ணு டில்ஸி. எனக்கும் அதே கதைதான். ஒம்பது வயசு. சார்ல்ஸ்டன் பக்கம்."

பிறகு இன்னொருத்தி. பிறகு பாடகர் வரிசையிலிருந்து ஒருத்தி. மஹாலாவையும் சேர்த்துப் பதினேழு பெண்கள் எழுந்து பதினேழு பெயர்களைச் சொன்னார்கள். சிலருடைய புருஷர்களே அந்தப் பெயர்களை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். லெனோரா பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். போதகர் மேபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் எழுந்து, "ஹேகர்னு எனக்கொரு தங்கச்சி இருந்தா" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பிரசங்கம் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் மனையைப் பிடுங்கவில்லை. ஏன் பிடுங்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அவர் வீட்டில் அந்த வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பெரிய சண்டை நடந்ததாகப் புதுச் சமையல்காரி சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து, நல்ல வெயிலில், யூஜீனியா தனியாக நடந்து மஹாலா வீட்டுக்கு வந்தாள். கறுப்பர் தெருவுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. கொல்லையில் காயப்போட்ட வெள்ளைத் துணிகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். உட்காரச் சொல்லலாமா என்று மஹாலாவும் யோசித்தாள். பிறகு கவிழ்த்து வைத்த வாளி ஒன்றைக் காட்டினாள். யூஜீனியா அதில் உட்கார்ந்தாள்.

"பெட்டியைத் திறந்தேன்" என்றாள். கையில் மடிப்பு மடிப்பாக மஞ்சளடித்த கடுதாசி ஒன்று இருந்தது. "அம்மா டெக்சாஸ்ல இருந்த சித்தி பொண்ணுக்கு எழுதி அனுப்பின கடுதாசிக்கு, தன்கிட்ட வச்சிருந்த நகல். நானே படிக்கிறேன்."

படித்தாள். சபைன் ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு பண்ணைக்கு அந்தப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். 'பெயரை மாற்றிக்கொள். ஆனி என்றோ வேறெதுவோ கூப்பிடு. லூவீசா என்ற பெயரை இனி என் காதில் கேட்க விருப்பமில்லை. இந்த முகம் என் வீட்டில் இருந்தால் எனக்கு வாழ்க்கை இல்லை.'

மஹாலா இத்தனை வருடமும் விசாரித்தது லூவீசாவை. ஆனியை யாரும் தேடவே இல்லை. துணி பிழிந்த கையை மடியில் துடைத்துக் கடுதாசியை வாங்கிக்கொண்டாள்.

"அவ எனக்கு..." என்று யூஜீனியா ஆரம்பித்தாள்.

"அக்கா" என்றாள் மஹாலா. "ஒரு வருஷம் மூத்தவ."

யூஜீனியா குனிந்து கொஞ்ச நேரம் அழுதாள். மஹாலா தேற்றவில்லை, விரட்டவும் இல்லை. "அதை மாத்தி எழுதுறியா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியாது. வீட்டை விட்டுத் துரத்திடுவாரு. குழந்தைங்களையும் தரமாட்டாரு. சட்டம் அப்படி."

"சரி. உன் பாடு உனக்கு. இதைக் கொண்டாந்து குடுத்தியே, அதுக்கு நன்றி."

அதன்பிறகு யூஜீனியா பிரெவார்ட் பத்திரிகைகளுக்கு மலர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் எழுதினாள். ஹேலி அத்தை மறுபடி எங்கும் வரவில்லை.

டெக்சாஸுக்குப் போகும் கடிதத்தைத் தானே எழுத வேண்டும் என்று மஹாலா பிடிவாதம் பிடித்தாள். "நீங்க எழுதினா அது டீச்சர் கடுதாசி. எம் பொண்ணுக்கு எங் கையெழுத்துப் போகணும்." சாயங்காலத்தில், வெளுத்த துணிகளை மடித்து வைத்த பிறகு, சிலேட்டை எடுத்துக்கொண்டு லெனோராவிடம் எழுத்துக் கற்க உட்காருவாள். எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். சில்வி எட்டிப் பார்த்து, "என்னடி, எறும்பு சண்டை போடுது?" என்பாள். வசந்தம் வந்தபோது கடிதம் தயாரானது. டெக்சாஸ்வரை கறுப்பர் சபைகளில் பிரசங்கத்துக்கு முன் வாசிக்கும் பத்திரிகை ஒன்று இருந்தது. அதில் தொலைந்த சொந்தங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு பக்கம் உண்டு. மஹாலாவின் கடிதம் அங்கே போனது. மற்ற பதினேழு பெயர்களும் கூடவே போயின.

பதினோரு மாதம் பதில் இல்லை. பன்னிரண்டாவது மாதம் ஐசம் பெட்வே என்பவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் மனைவி ஆனிக்குச் சாம்பல் கண் என்றும், எங்கோ கிழக்கிலிருந்து வந்தவள் என்றும் எழுதியிருந்தார். 'ஆனால் அம்மா என்று சொல்லிக்கொண்டு ஏற்கெனவே ஒருத்தி வந்து, இல்லையென்று ஆகி, என் மனைவி ஒரு மாதம் படுத்துவிட்டாள். அவளைக் கொண்டுபோன அன்று என்ன நடந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.'

மஹாலா அன்றைக்கே எழுதினாள். 'என்னை இறைச்சிக்குப் புகை போடும் அறையில் வைத்துப் பூட்டினார்கள். பலகை இடுக்கில் பார்த்தேன். வண்டிக்காரன் உன்னைத் தூக்கினான். நீ அவன் கட்டைவிரலைக் கடித்தாய். ரத்தம் வந்தது. அவன் கத்தினான். நீ அழவில்லை. நான்தான் அழுதேன்.'

இந்தத் தடவை பதில் மூன்று வாரத்தில் வந்தது. வேறு கையெழுத்து. ஒரே வரி. 'அந்த ரத்தத்தின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, வாருங்கள்.'

மஹாலா 1888 ஜூனில் ரயில் ஏறினாள். வழியனுப்ப சில்வி வந்திருந்தாள், பொரித்த கோழி ஒரு டப்பா நிறைய. "எம் பொண்ணையும் விசாரி, மறந்துறாத" என்றாள். டில்ஸியைப் பற்றித் தகவல் வரவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரில் கடைசிவரை கிடைத்தவர்கள் மூன்றே பேர்தான். சுருட்டுப் புகை நிறைந்த ரயில் பெட்டியில்தான் கறுப்புப் பெண்களை உட்கார வைத்தார்கள். மூன்று நாள் பயணத்தில் மஹாலா நாலு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

ஸ்டேஷனில் ஒரு பெண் நாலு பிள்ளைகளோடு நின்றிருந்தாள். உயரம், சாம்பல் கண். சிரிக்காததால் கன்னக்குழி இருக்கிறதா என்று தெரியவில்லை. மஹாலா இறங்கி அவள் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிருங்க. எனக்கு உங்க முகம் ஞாபகமே இல்லை" என்றாள் அந்தப் பெண்.

"பரவால்ல. எனக்கும் இந்த முகம் புதுசுதான். நீ எனக்கு இவ்வளவு உசரம்" என்று மஹாலா இடுப்புப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

ஆறு வாரம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் வந்தாள். ஐசம் கொட்டகைப் பக்கமாக ஒரு அறை கட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டன. மகளுக்குத்தான் ஒட்டுதல் வரவில்லை. "சாப்பிடுங்க", "உக்காருங்க", "உங்களுக்குக் குளிருதா?" என்று விருந்தாளியைக் கவனிப்பதுபோலவே கவனித்தாள். மஹாலா அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் சபைப் புத்தகத்தில் பெயர் பதியும்போது மகளே எழுத்தரிடம் "லூவீசா ஆனி பெட்வே" என்று போடச் சொன்னாள். மஹாலா கேட்டும் கேட்காததுபோல இருந்துகொண்டாள்.

பருத்தி பறிக்கும் காலம் வந்தது. ஒருநாள் எல்லோரும் வயலிலிருந்து வெயிலில் வெந்து திரும்பினார்கள். மஹாலா தன் இஷ்டப்படி ரொட்டி மாவில் சர்க்கரையைக் கொட்டி, அடுப்பில் வைத்துவிட்டு, பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரொட்டி கருகியது. வாசலில் வரும்போதே மகள் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அம்மா! அடுப்பைப் பாத்துக்கன்னு எத்தனை தடவை சொல்றது? சர்க்கரை போடாதன்னும் சொன்னேன்ல? சொன்னா கேக்கவே மாட்டியா நீ?"

சொல்லிவிட்டு அவளே திகைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மஹாலா எழுந்து வாணலியை இறக்கி வைத்தாள்.

"கேக்கமாட்டேன்" என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது கன்னத்தில் குழி விழுந்தது. மஹாலா டாலிவர் அதன்பிறகு பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் இருந்தாள். ரொட்டியில் சர்க்கரை போடுவதை அவள் கடைசிவரை நிறுத்தவில்லை.